ஆற்று நடுவில் பால் பொங்கிய வீடு

ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் நல்ல நேரம் என்று சோசியர் சொல்லியிருந்தார், அந்த ஏழரைக்குள் நாச்சிமுத்துவின் டீசல் பிக்கப் ஆற்றைத் தாண்டிப் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. தாண்டவில்லை. பாலத்தை இடித்துப்போட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது, வைகாசி வெயிலில் அமராவதி ஆறு எலும்பும் தோலுமாய் வறண்டு கிடந்தது, போகிற வருகிற வண்டியெல்லாம் மணலுக்குள் இறங்கித்தான் ஏறியாக வேண்டும். நாச்சிமுத்துவும் இறங்கினான், பின்னால் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு. நடு ஆற்றில் வண்டி திணறித் திணறி ஊர்ந்துகொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்குள்ளிருந்து அவன் பெண்டாட்டி துளசிமணி போனில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மணி ஏழே காலாச்சு. நிறுத்துங்க, பால் காய்ச்சோணும்."

"கரை ஏறிக்கறேன் புள்ள. கண்ணுக்கு முன்னால தெரியுது பாரு கரை."

"நீங்க ஏர்றதுக்குள்ள எட்டாயிருமுங்க. இன்னைக்கு உட்டா வைகாசியில முகூர்த்தம் இல்ல. ஆனி ஆகாது, ஆடி ஆகவே ஆகாது, அப்பறம் ஆவணிதான். அதுவரைக்கும் பால் காய்ச்சாத வீட்லயா நான் படுக்கோணும்?"

அவள் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எட்டு வாடகை வீடு மாறியவள் அவள். எட்டு வீட்டுக்காரர்களும் எட்டு தினுசு, ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது எட்டுப் பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைத்தான் சொன்னார்கள், செவுத்துல ஆணி மட்டும் அடிச்சராதம்மா என்று. நாச்சிமுத்து லோடு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று கிளம்பினால் வாரக்கணக்கில் வண்டிக்குள்ளேயே படுத்து எழுகிற ஆள், அவனுக்குச் சுவர் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவள்தான் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, காற்றடிக்கும்போதெல்லாம் அது படபடவென்று அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தாள். எட்டாவது வீட்டையும் காலி செய்யச் சொன்ன அன்றைக்கு, லோடு இறக்கிவிட்டு வந்து நின்றவனிடம், "இனி நீங்க போற பக்கமெல்லாம் நானும் வர்றேன். ஒரு வீடு செஞ்சு வண்டிக்குப் பின்னால மாட்டுங்க. அதுல நான் இஷ்டத்துக்கு ஆணி அடிச்சுக்கறேன்" என்றாள். சிரிக்க வாயைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் அவனுக்குப் பழக்கமான வெல்டர்கள் இருந்தார்கள். ஓய்ந்த நேரங்களில் அவர்கள் கட்டிக் கொடுத்தார்கள், இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட் சுவர், தகரக் கூரை, பக்கவாட்டில் ஒரு வாசல், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக ஜன்னல், அடியில் நாலு சக்கரம். பிக்கப்புக்குப் பின்னால் ஓர் இரும்புக் குண்டு, வீட்டுக்கு முன்னால் அந்தக் குண்டைக் கவ்விக்கொள்கிற கொக்கி. கிளம்புகிற அன்றைக்கு நாச்சிமுத்து முறைப்படி நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான், சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு போக. துளசிமணி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வீட்டுக்கு ஆராச்சும் எலுமிச்சம்பழம் வெப்பாங்களா? இதென்ன வண்டியா?"

"சக்கரம் இருக்குதே புள்ள."

"சக்கரம் இருந்தா? வீட்டுக்குப் பால்தானுங்க."

அந்த நாலு பழமும் பட்டறைக்காரர்களுக்கு ஜூஸாகப் போயிற்று. சரி, அந்த பிக்கப்புக்காவது பூசை போட்டிருந்தானா என்றால் அதுவும் இல்லை. கோழி ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை, மார்கழி மாசத்தில், அவசரத்துக்கு வாங்கியவன், தை பிறக்கட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தான், எத்தனையோ தை பிறந்து போயின. பாவம் அந்த வண்டி, ஒரு பொட்டு குங்குமம் காணாமல் அநாதையாட்டம் உழைத்துக்கொண்டிருந்தது.

ஆக, நடு ஆற்றில் நிறுத்தினான். துளசிமணி வாசலில் தண்ணீர் தெளித்து, மணல் மேலேயே கோலம் போட்டு, உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் உள்ளே வைத்து, சுவரில் முதல் ஆணியை அடித்துக் காலண்டரை மாட்டி, அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள், ஏழரை அடிக்க இன்னும் கொஞ்சம் இருக்கையில் பால் கிழக்குப் பக்கமாய்ப் பொங்கி, அடுப்பை நனைத்து, மேடையை நனைத்து, பிளைவுட் தரையில் வழிந்து, ஆணி இடுக்கு வழியாகக் கீழே சொட்டி, மணலுக்குள் இறங்கியது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை நாச்சிமுத்து பார்த்தான், பார்த்தும் பார்க்காத மாதிரி பாலை வாங்கிக் குடித்துவிட்டு வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினான். வண்டி உறுமியது. வீடு அசையவில்லை.

மணலில் புதைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். கீழே குனிந்து பார்த்தால், நாலு சக்கரத்துக்கு அடியிலிருந்தும், அச்சின் இரண்டு முனையிலிருந்தும் கட்டைவிரல் தண்டிக்கு வேர் இறங்கியிருந்தது. இரும்பு நிறத்து வேர். நகத்தால் கீறினால் பால் வடிந்தது.

ஊசிப்பாளையம் அந்தக் கரையில் இருக்கிற ஊர். ஊரே திரண்டு வந்துவிட்டது. வார்டு மெம்பர் ராக்கியண்ணன் தன் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்தார், சங்கிலி அறுந்தது. அரிவாளால் வேரை வெட்டினார்கள், வெட்டின இடமெல்லாம் பாலாய் ஒழுகிற்று, கஞ்சி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி முளைத்திருந்தது. ஆற்றுக்குள் ஆடு மேய்க்கிற மருதாயிதான் கடைசியில் வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

"முகூர்த்தத்துல பால் பொங்கிருச்சில்ல? அப்பறம் அது வீடு. வீடு எங்கியாச்சும் நகருமா? இதுக்குப் போயி டிராக்டரைப் போட்டு என்னத்துக்கு முக்கறீங்க?"

அட, அதுதானே என்றார்கள் எல்லாரும். ஆச்சரியப்படுவதற்கு ஊசிப்பாளையத்தாருக்கு அன்றைக்கு ஒரு பொழுதுதான் கிடைத்தது, மறுநாள் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாளிலிருந்து பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு யார் வருவார்கள், எவர்சில்வர் குடம் வந்தது, டிபன் கேரியர் வந்தது, சுவர்க் கடிகாரங்களாக வந்து குவிந்தன, ஒவ்வொன்றுக்கும் துளசிமணி ஓர் ஆணி அடித்தாள், ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டியது. பஞ்சாயத்திலிருந்து ஒரு ஆள் நீல பெயிண்ட் டப்பாவோடு வந்து கதவு எண் எழுதினான். எந்தத் தெரு என்பதில் இக்கரைக்கும் அக்கரைக்கும் சண்டை வந்து, கடைசியில் 'ஆத்துக்குள் தெரு' என்று ஒரு தெருவையே புதிதாக உண்டாக்கினார்கள், அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடு. தபால்காரர் சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டு மணலில் நடந்து வந்து, கல்யாணப் பத்திரிகையை நீட்டியபடியே ஒரு பாட்டம் திட்டுவார், மோர் குடித்ததும் சமாதானமாகிவிடுவார். இரண்டு கரைக்கும் பொதுவான இடம் என்று ஒரு பெண் பார்க்கிற சடங்குகூட அங்கே நடந்தது. வாசலில் பாகற்கொடி முளைத்துப் பந்தல் ஏறிற்று, கத்தரி பூ விட்டது, துவைக்கிற கல் ஒன்று வந்து சேர்ந்தது. துளசிமணிக்கு 'ஆத்தூட்டுக்காரி' என்று பேராகிவிட்டது.

நாச்சிமுத்து பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கு மட்டுமே லோடு பிடித்தான். பொழுது சாய்ந்தால் திரும்பி வருவான். வண்டியைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சூடு ஆறாத மணலில் விளக்கு தெரிகிற பக்கமாக நடப்பான். இத்தனை வருஷத்தில் தினமும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவது அவனுக்கு இதுதான் முதல் தடவை, அது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே ஜன்னல் வழியாக மேற்கே பார்ப்பான். மேற்கே மலை, மலைக்குக் கீழே அணை. அப்போது வாயில் போட்ட சோறு இறங்காது.

ஏனென்றால் வி.ஏ.ஓ. ஜெசிந்தா முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவள். "அண்ணே, இது ஆறு. கதவு நம்பர் போட்டாலும் ஆறு ஆறுதான். மலையில மழை புடிச்சா ஆடியில அணையைத் தொறந்துருவாங்க. அதுக்குள்ள எப்படியாச்சும் வீட்டை எடுத்துருங்க, இல்லேன்னா அக்காவையாவது எடுத்துருங்க."

ஆனி முடிந்து ஆடி பிறந்தது. மலை மேல் மேகம் கறுத்து இறங்கி நின்றது, இங்கே ஒரு சொட்டு இல்லை, அங்கே விடாமல் கொட்டியது. ஒரு நாள் காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கரையோடு கத்திக்கொண்டு போயிற்று, அணை நிரம்பிவிட்டது, நாளை சாயங்காலத்துக்குள் தண்ணீர் இந்த இடத்துக்கு வந்து சேரும், ஆற்றுக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஆடு மாடு இருக்கக் கூடாது. வீடு இருக்கக் கூடாது என்று அந்த ஆட்டோ சொல்லவில்லை, ஆற்றில் வீடு இருக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்.

அன்றைக்கு முழுக்கப் படாத பாடு பட்டார்கள். மூன்று டிராக்டர் கட்டி இழுத்தார்கள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் முதுகு கொடுத்துத் தள்ளினார்கள். வேரைச் சுற்றித் தோண்டினார்கள், தோண்டத் தோண்ட வேர் போய்க்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் துளசிமணி வெளியே வரவில்லை, உள்ளே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் ஜெசிந்தா வந்து கெஞ்சினாள், மருதாயி வந்து வைதாள், பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். அவள் அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

"எட்டு வீட்டை காலி பண்ணியிருக்கேனுங்க. ஒவ்வொரு தடவையும் ஆராச்சும் வந்து போ போன்னு சொன்னாங்க, போயிட்டேன். இப்ப ஆறு வந்து சொல்லுது. நான் போறதா இல்ல."

இவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை, சொன்னால் சொன்னதுதான், தண்ணீர் வந்து கழுத்தைத் தொட்டாலும் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தான். தூக்கிக்கொண்டு போய்க் கரையில் வைத்துவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு அவளிடம் பேசுவது.

வழி சொன்னதும் மருதாயிதான். "பால் காய்ச்சி வீடாச்சு. எலுமிச்சம்பழம் வெச்சா வண்டியாயிருமில்ல? நாலு சக்கரத்துக்கும் வெச்சு நசுக்கி உடுங்க. வண்டின்னு ஆயிட்டா வேர் தானா உட்டுரும்."

ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. மருதாயி வீட்டு மரத்தில் ஆடிக் காற்றுக்குத் தப்பி நாலே நாலு பழம் கிடந்தது, பறித்துக்கொண்டு வந்து நாச்சிமுத்து கையில் கொடுத்தார்கள். ராக்கியண்ணன் தென்னைமட்டைகளை வெட்டிக்கொண்டு வந்து கரை வரைக்கும் மணல் மேல் பாதையாகப் பரப்பினார். நாச்சிமுத்து பிக்கப்பை ரிவர்ஸில் கொண்டுவந்து குண்டைக் கொக்கியில் மாட்டி, ஊசியைச் செருகி, சங்கிலியைப் பூட்டி, மணலில் புதையாமல் இருக்க டயர்களில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, பழத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவளுக்குத் தெரியாமல் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"துளசி, இதை வெச்சரலாமா?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். "வெச்சா என்னாகுமுங்க?"

"வண்டியாயிரும். நவுந்துரும்."

"அப்பறம் நான் எங்க இருப்பேன்?"

"இதே இடத்துலதான் புள்ள. இதே செவுரு, இதே ஆணி, எல்லாம் அப்படியேதான இருக்கப் போகுது."

"வண்டிக்குள்ள இருக்கறது இருக்கறதாங்க? அது போறது. பஸ்ஸுல போறவங்க பஸ்ஸுலயா குடியிருக்காங்க? ஒரே ஒரு தடவ எனக்குப் பால் பொங்குச்சு. அதையும் இல்லேன்னு ஆக்கறீங்களே."

அப்போதுதான் வெளியே ஜெசிந்தா வீறிட்டாள். போனைக் காதில் வைத்தபடி மணலில் ஓடி வந்தாள், செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. "அண்ணே! மலையில இன்னும் மழையாம், விடியக் காத்தாலேயே கூடுதலாத் தொறந்துட்டாங்களாம்! சாயங்காலம் இல்ல, இப்பவே வந்துக்கிட்டிருக்கு! மேற்கே இருக்கிற பாலத்தைத் தாண்டிருச்சாம்!"

காதைத் தீட்டிக் கேட்டார்கள். வறண்ட ஆற்றில் முதல் தண்ணீர் வருகிற சத்தம் தண்ணீர்ச் சத்தம் மாதிரி இருக்காது, முறத்தில் யாரோ நெல்லைப் புடைக்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டது. ஆடுகள் தானாகக் கரையேறின. ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆற்றின் வளைவில், கூளத்தையும் காய்ந்த மட்டையையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் முன்னால் தள்ளிக்கொண்டு, செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு நீண்டு வந்தது.

நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "சரி துளசி. நானும் இருந்துக்கறேன்" என்றான். வீராப்பில் சொல்லவில்லை, கால் ஓடவில்லை, அவ்வளவுதான். அவளை விட்டுவிட்டுத் திரும்பி எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

துளசிமணி அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்க நேரமில்லை, இருந்தாலும் பார்த்தாள். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, கொக்கியில் மாட்டி நிற்கிற அந்தக் கோழி வண்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க பிக்கப்புக்குப் பூசை போட்டீங்களா?"

"என்னது?"

"வாங்குனப்ப எலுமிச்சம்பழம் வெச்சீங்களான்னு கேட்டேன்."

"மார்கழியில வாங்குனது... தை பொறக்கட்டும்னு..."

"அதான பாத்தேன். என்ற வீட்டை வண்டியாக்க ஊரே நிக்குது. உங்க வண்டி வண்டியான்னு ஒருத்தரும் கேக்கல." அவன் கையிலிருந்த நாலு பழத்தையும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி வாசலில் இறங்கினாள். விடிகாலையில் கோலம் போட்டதற்கு அப்புறம் மணலை மிதிக்காத கால். தண்ணீரின் நாக்கு பாகற்பந்தலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, வீட்டுச் சக்கரம் இந்தப் பக்கம்!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

அவள் காதில் வாங்கவே இல்லை. பிக்கப்பின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். கோழிக் கறை இன்னும் போகாத கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குனிந்து, முன் டயருக்கு ஒன்று, ஒன்று, பின் டயருக்கு ஒன்று, ஒன்று என்று நாலு பழத்தையும் வைத்தாள். தண்ணீர் நாலாவது பழத்தை உருட்டிக்கொண்டு போகப் பார்த்தது, எட்டிப் பிடித்து மணலில் அழுத்தி வைத்தாள். "வீடு வீடாவே இருக்கட்டும். நீ வண்டியா இரு சாமி, இழு" என்று அதன் பானட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவனைப் பார்த்து, "ஏறுங்க" என்றாள்.

"நீ கரைக்குப் போ புள்ள!"

"ஆள் இல்லாத வீட்டை இழுப்பீங்களா? உள்ள விளக்கு எரியுது" என்று சொல்லிவிட்டு வாசல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் கியர். நாலு பழமும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நசுங்கின. சக்கரம் சுற்றி மணலை வாரி இறைத்தது, வண்டி முக்கியது, கொக்கி கிரீச்சிட்டது, கிளட்ச் கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியது. கரையிலிருந்து ஊர் கத்தியது. தண்ணீர் பம்பரை எட்டியது, கதவின் அடியை எட்டியது, நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தான், கண்ணாடியில் பின்னால் வீட்டின் முன் ஜன்னலும் ஜன்னலில் துளசிமணியின் முகமும் தெரிந்தன, அவள் வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது, சாமியைக் கூப்பிடுகிறாளா தன்னைத் திட்டுகிறாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். அப்போது ஆற்றுக்கு அடியில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது.

வேர் அறுந்திருக்கும் என்றுதான் நினைத்தான். அறுந்திருந்தால் வண்டி வெடுக்கென்று முன்னால் பாய்ந்திருக்கும். பாயவில்லை. மெதுவாக, கனமாக, அச்சிலிருந்து வெல்லம் கழன்று வருகிற மாதிரி, வீடு கிளம்பிற்று, வீட்டோடு வேரும், வேரோடு அது பிடித்துக்கொண்டிருந்த மண்ணும், மண்ணோடு பாகற்பந்தலும் கத்தரிச் செடியும் துவைக்கிற கல்லும் வாசலில் காலையில் போட்ட கோலமும் கிளம்பி வந்தன. ஒன்றரை சென்ட் நிலம் இருக்கும். நிலத்தோடு அந்த வீடு, தென்னைமட்டைகளை நொறுக்கிக்கொண்டு, தண்ணீரைப் பிளந்துகொண்டு, அந்தச் சின்ன பிக்கப்பின் பின்னால் நடந்து வந்தது. ஆற்றில் அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் சுழித்து இறங்கி, நிரம்பி, ஒன்றும் நடக்காத மாதிரி மேலே ஓடிற்று.

கரை ஏறியதும் நாச்சிமுத்துவுக்கு நிறுத்திவிட்டு ஓடிப்போய் அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பிரேக்கில் கால் வைத்தான்.

"நிறுத்தாத!" மருதாயி கோலை ஆட்டிக்கொண்டு கூடவே ஓடினாள். "நின்னா வேர் புடிச்சிரும்! அப்பறம் இங்கயேதான்! நடு ரோடு சாமி இது!"

"என்ற காட்டுல நிறுத்திக்கப்பா, வேலியை எடுத்துடறேன்!" என்று ராக்கியண்ணன் இன்னொரு பக்கம் ஓடி வந்தார்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஊர்ந்தது. ஓட்டிக்கொண்டே போனைப் போட்டான். "துளசி? இருக்கியா?"

"இருக்கேனுங்க. கடியாரந்தான் ஒண்ணு விழுந்துருச்சு."

அவன் அழுதுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "எங்க நிறுத்தட்டும் புள்ள? நீயே சொல்லு. நீ சொல்ற இடந்தான்."

எங்கே குடியிருக்க ஆசை என்று அவளை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை, பெற்றவர்கள் கேட்கவில்லை, எட்டு வீட்டுக்காரர்கள் கேட்கவில்லை, இவனும்தான் கேட்கவில்லை.

"பாத்துச் சொல்றேனுங்க" என்றாள் கடைசியில். "வேப்ப மரம் இருக்கற இடமாப் பாத்துச் சொல்றேன். ஆனா இப்ப நிறுத்திராதீங்க."

"ஏம் புள்ள?"

"ஆடி மாசமுங்க. ஆடியில ஆராச்சும் புது இடத்துல குடி போவாங்களா?"

"அடிப்பாவி! ஆவணி பொறக்க இன்னும் எத்தன நாள் கெடக்கு!"

"கெடந்தாக் கெடக்குது. வாரக்கணக்கா வண்டி ஓட்டறதெல்லாம் உங்களுக்குப் புதுசா? நேத்துல இருந்து சாப்புடல நீங்க. கொளம்பு வெக்கறேன், ஜன்னல் வழியா ராக்கியண்ணங்கிட்டக் குடுத்து உடறேன்."

டீசல் முள் அடியில் கிடந்தது. அதற்குள் ராக்கியண்ணன் டிராக்டரை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார், ஓடுகிற வண்டியில் கேனைச் சாய்த்து ஊற்ற இரண்டு ஆள் தொற்றிக்கொண்டார்கள். ஜெசிந்தா வெறுங்காலோடு ரோட்டோரம் நின்று அடுத்த ஊர் வி.ஏ.ஓ.வுக்குப் போன் போட்டு, "சார், உங்க பக்கம் ஒரு வீடு வருது, கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க, ஆமா சார், வீடுதான், நிலத்தோட" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த ஊரில் பெண்கள் வாசலுக்கு வந்து, இது என்ன என்று கேட்காமல், எந்த ஊருக்குக் குடி போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

பொழுது சாய்ந்தது. இத்தனை நாள் பழக்கத்தில், நேரமாகிவிட்டது, வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நாச்சிமுத்துவின் கை தானாக ஸ்டீரிங்கை ஒடிக்கப் பார்த்தது. கண்ணாடியில் பார்த்தான். வீடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. துளசிமணி விளக்குப் போட்டிருந்தாள்.